அவளுக்குப் பதிலாக நான் பேசியவை

அவளுக்குப் பதிலாக நான் முதன்முதலில் சொன்னது அவளுடைய ஊரின் பெயரை.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையின் முதல் வகுப்பு அது. பெரிய மேசையைச் சுற்றிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு எங்களை உட்காரவைத்த விரிவுரையாளர், ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்படி கேட்டார். கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பாடசாலைகளில் படித்தவர்கள் சிரித்தபடி எழுந்து, சிரித்தபடி உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் முறை வந்தது. மெலிந்த, உயரமான பெண். பெயரைச் சொன்னாள். அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினாள். அது பாதியில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வகுப்புக்கு வெளியே காத்திருந்தபோது அவள் வவுனியாப் பக்கம் என்று என்னிடம் தமிழில் சொல்லியிருந்தாள். நான் உட்கார்ந்தபடியே, ஆங்கிலத்தில், "இவர் வவுனியாவிலிருந்து வந்திருக்கிறார்" என்றேன். விரிவுரையாளர் தலையசைத்தார். அவள் பொத்தென்று உட்கார்ந்து மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அன்று நான் செய்தது உதவிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் எது உதவி, எது இல்லை என்பதைத்தான் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என் ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு அம்பிட்டியவில், மேட்டுப் பாதையின் முடிவில். அப்பாவுக்குக் கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில், எங்கள் வீட்டுக்கு மேலே மலையில் இருந்த ஒரு தங்குமிடத்தில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்றார்கள். போனேன். வந்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்காரர். சுடுதண்ணீர் ஏன் வரவில்லை, எல்ல ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு, குரங்கு என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது; இவைதான் என் ஆங்கிலப் பாடங்கள். இலக்கணம் அங்கங்கே உடைந்தது. ஒருவரும் கவலைப்படவில்லை. நானும் படவில்லை. பயமில்லாத ஆங்கிலம் அது. ஆழமும் இல்லாத ஆங்கிலம்.

பட்டப்படிப்புக்கு ஆங்கிலத்தை எடுத்ததும் வேலைக்காகத்தான். "கவுர்மென்ட் வேல கெடைக்காட்டியும் இங்கிலீஸ் இருந்தா எங்க போயும் பொழச்சிக்கலாம்" என்பது அம்மாவின் கணக்கு. என் கணக்கும் அதுவே. கதை, கவிதை, நாடகம் எல்லாம் வேலைக்குப் போகும் வழியில் ஏறி இறங்க வேண்டிய படிகள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் வேறு மாதிரி. அவள் படித்த ஊர்ப் பாடசாலையில் பல வருடங்கள் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இருக்கவில்லை. பிரதேச நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தனியாகவே வாசித்திருக்கிறாள். அதனால் அவளுக்குத் தெரிந்த சொற்களில் பாதிக்கு ஓசை தெரியாது. எழுத்து தெரியும், பொருள் தெரியும், எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்பதும் தெரியும். வாயால் சொல்ல மட்டும் பயம். விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு சொல்லை அதன் எழுத்துகள் இருக்கிறபடியே உச்சரித்துவிட்டாள். அந்தச் சொல்லில் நடுவில் ஓர் எழுத்து ஊமையாம். குழாயடியில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் எங்கே ஊமை எழுத்து ஒளிந்திருக்கிறதோ என்று அவள் கண்கள் தேட ஆரம்பித்துவிடும்.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். அது தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுவான் என்பதற்காக வந்த பெயர். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கிடைத்தது. மாலையில் வகுப்பு முடிந்து வந்ததும் அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அன்றைய பாடத்தைத் தமிழில் விளக்குவாள். நான் தலை வாரிக்கொண்டோ, உடுப்பை மடித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சிறுகதை நினைவிருக்கிறது. கணவனை இழந்த ஒரு பெண் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறாள். கடைசியில் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அழுகிறாள். அந்த அழுகை தனிமையைக் காட்டுகிறது என்று எழுதினால் போதும் என்றேன் நான்.

"இல்லை" என்றாள் அவள். "அலுமாரி நிண்ட இடத்தில தரை வேற நிறமா இருக்கு எண்டு ஒரு வரி வருதெல்லே? அவள் மற்றச் சாமான் எல்லாம் விக்கேக்க அழேல்ல. இதுக்குத்தான் அழுறாள். வீட்டுக்குள்ள வெயில் எவ்வளவு காலமா அடிச்சிருக்கு எண்டு அவளுக்கு அப்பதான் தெரியுது. தான் எவ்வளவு காலமா அங்க இருந்திருக்கிறன் எண்டு."

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வரியை நானும் வாசித்திருந்தேன். அதில் எதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் செமினாரில் அந்தக் கதையைப் பற்றிப் பேசச் சொன்னபோது அவளைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையாட்டி, "நீ சொல்லு" என்றாள். நான் சொன்னேன். இது என் தோழியின் கருத்து என்ற முன்னுரையோடுதான் சொன்னேன். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, மிகவும் நுட்பமான வாசிப்பு என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிறகு வந்த செமினார்களில் 'என் தோழியின் கருத்து' என்பது 'எங்கள் கருத்து' ஆயிற்று. அது எப்போது 'என் கருத்து' ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாக்கியத்தில் எழுவாய் மாறுவதற்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் ஆங்கிலம் அவள் நினைத்ததைச் சரியாகப் பிடித்துவிட்டால் முகம் மலரும். தவறினால் என் குறிப்புத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்லை எழுதுவாள். அந்தச் சொல்லை எடுத்து நான் வாக்கியத்தைச் சரிசெய்துகொள்வேன். மற்றவர்கள் எங்களை நல்ல சோடி என்றார்கள். நான் பேசுபவள், அவள் பேசாதவள்.

இது வகுப்போடு நிற்கவில்லை. சிங்களம் எனக்கு நன்றாக வரும், அவளுக்குக் கொஞ்சம்தான். விடுதி அலுவலகத்தில் நான் கதைத்தேன். வங்கியில் நான் கதைத்தேன். ஒருமுறை கண்டி நகரத்தில் மழைக்காலம் தொடங்கும் நேரம் குடை வாங்கப் போனோம். கடைக்காரரிடம் அவளே சிங்களத்தில் விலை கேட்கத் தொடங்கினாள். இரண்டு சொல் வந்தது. மூன்றாவது வருவதற்குள் நான் முழுவதையும் கேட்டு, விலையும் பேசி, குடையை வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும், "நான் கேக்கத்தானே வந்தனான்" என்றாள்.

"நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள மழ விட்டுரும்டி" என்றேன்.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் நீண்ட காலம் சமாதானமாக இருந்தேன்.

இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையைப் பற்றித் தனியாக நின்று பேச வேண்டும். யாரும் யாருக்கும் துணைக்கு வர முடியாது. அவள் வாரக்கணக்கில் தயாரானாள். நான் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன், அவள் கீழே நின்று பேசுவாள். எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று எல்லாம் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், என்னுடையதை விடப் பல மடங்கு நல்ல கட்டுரை.

பேச வேண்டிய நாள் வந்தது. மேடையேறி ஆரம்பித்தாள். முதல் பக்கம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் பக்கத்தில் ஒரு விரிவுரையாளர் இடைமறித்துக் கேள்வி கேட்டார். கடினமான கேள்வி இல்லை. ஆனால் தயாரித்ததில் இல்லாத கேள்வி. அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். மண்டபத்தில் காற்றாடியின் சத்தம் கேட்டது. அந்தக் கேள்விக்கு அவளுடைய பதில் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய வாரம்தான் கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள்.

கேள்வி கேட்டவர் நல்ல மனிதர். அவளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக எண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இருவரும் சேர்ந்துதானே படிக்கிறீர்கள். இவர் என்ன சொல்ல வருகிறார் என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளே சொல்வாள், கொஞ்சம் பொறுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்று சொன்னேன். அழகாகவே சொன்னேன். பின்வரிசையில் யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். மேடையில் நின்றவள் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

மாலையில் கன்டீனில் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

"ஏன் சாப்புடல?"

"நீ ஏன் சொன்னனீ?"

"கேட்டாங்கடி. நீ அப்படியே நிக்கிறப்ப நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

"பாத்துக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றாள். "எனக்கு வந்து கொண்டுதான் இருந்தது. உனக்கு வேகமா வரும். எனக்கு மெதுவாத்தான் வரும். வராது எண்டில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். உடனே, சரளமாக, நிறைய. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி விடு" என்றாள்.

பட்டம் முடிந்து வெளியே வந்தபோது நாட்டில் வேலை இல்லை. பொருளாதார நெருக்கடியின் எரிபொருள் வரிசைகள் ஓய்ந்திருந்தன. பாஸ்போர்ட் வரிசைகள் ஓயவில்லை. எங்களோடு படித்தவர்களில் பலர் வெளியே போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பட்டச் சான்றிதழோடு அவரவர் ஊரில் ஏறி இறங்காத இடமில்லை. அப்போது நகரத்தில் ஒரு தனியார் ஆங்கிலக் கல்வி நிலையத்தில் ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. அவள் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். அம்மா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி தோசை சுட்டு, ஒரே மாதிரி விபூதி பூசி அனுப்பினார்.

படியேறும்போது நான் அவளிடம் சொன்னேன்: "இன்னைக்கு நான் உனக்காக வாயே தொறக்க மாட்டேன். சத்தியமா."

"நல்லது" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

வந்தவர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு விடயத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். நிலையத்தின் பொறுப்பாளரான ஓர் அம்மையார் மூலையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். வயது வந்த பிறகு ஆங்கிலம் படிக்க வருகிறவர்களின் பயத்தை எப்படிப் போக்குவது என்பது விடயம். அவள்தான் முதலில் பேசினாள்! அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று இரண்டு வாக்கியம் சொன்னாள். மேசையில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லுக்காக நின்றாள்.

எத்தனை நேரம் நின்றாள் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அதிகம் இருக்காது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். ஆனால் அந்த இடைவெளி எனக்குத் தாங்கவில்லை. அவள் அவமானப்படுகிறாளே என்றா, அல்லது மற்றவர்கள் முந்திக்கொள்வார்களே என்றா? அந்த வாக்கியத்தை நான் எடுத்து முடித்தேன். முடித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அதன் மேல் அடுத்ததையும், அதன் மேல் அடுத்ததையும் கட்டிக்கொண்டு போனேன். அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

என்னை எடுத்தார்கள். அன்றே சொல்லிவிட்டார்கள். பொறுப்பாளர் அம்மையார் என்னைத் தனியாக அழைத்து, "உங்கள் தோழி கெட்டிக்காரி என்று தெரிகிறது. ஆனால் வகுப்பில் நின்று தொடர்ந்து பேச அவரால் முடியாது போலிருக்கிறதே" என்றார்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். நான்கு வருடமாக அவளுக்காகப் பேசியவள், பேச வேண்டிய ஒரே இடத்தில், "ஆமாம், அவள் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சொன்னேன். அப்பாவின் கடையில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்ற செய்தி அந்த மாதம்தான் வந்திருந்தது. அது காரணம். அதைக் காரணம் என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவள் வீட்டிலும் ஏதாவது காரணம் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

அவளை வவுனியா பஸ் ஏற்றிவிடப் போனேன். ஆசனத்தில் பையை வைத்துவிட்டு மறுபடி இறங்கி வந்தாள்.

"உன்னில எனக்குக் கோவம் இல்லை" என்றாள். "நீ பக்கத்தில இருந்தா எனக்கு வாய் திறக்கத் தேவையில்லாமல் போகுது. முதல் நாளில இருந்தே அப்படித்தான். அது உன்ர பிழை மட்டும் இல்லை. எனக்கும் அது சுகமா இருந்தது. ஆனா இப்படியே போனா நான் ஊமையாயிடுவன்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"கொஞ்ச காலத்துக்கு எனக்குப் போன் எடுக்காதை. நானே எடுக்கிறன்."

பஸ் போய்விட்டது. நான் வாவிக்கரை வரை நடந்தேன். அழுதுகொண்டே நடக்கும் ஒரு பெண்ணை அங்கே யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

வேலை தொடங்கியது. நகரத்துக் கடைகளில் வேலை செய்பவர்கள், தாதியர் பயிற்சிக்குப் போகக் காத்திருந்த பெண்கள், பிலிமத்தலாவைப் பக்கமிருந்து வந்த பித்தளைச் சாமான் வியாபாரிகள் என்று பலவகையான ஆட்கள் என் பேச்சு ஆங்கில வகுப்புக்கு வந்தார்கள். எல்லாருக்கும் என்னைப் பிடித்திருந்தது. நானும் நன்றாகத்தான் கற்பிக்கிறேன் என்று நினைத்தேன். ஒருநாள் பொறுப்பாளர் அம்மையார் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கள் வகுப்பு கலகலப்பாக இருக்கிறது" என்றார். "ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அவர்கள் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் நீங்கள் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து நீங்களே பேசிவிட்டுப் போகிறீர்கள்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. புதிய ஆசிரியருக்குச் சொல்லும் சாதாரண ஆலோசனை அது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் அவளுக்குச் செய்ததை, எங்கள் நான்கு வருடங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அவள் இருந்திருக்க வேண்டிய இடம் இது என்று அன்று எனக்கு முழுவதுமாக விளங்கியது. பயத்தோடு வருகிறவர்களுக்குப் பயம் தெரிந்த ஒருத்தி. அவள் காத்திருந்திருப்பாள்.

அதன் பிறகு வாயை அடக்கப் பழகினேன். யாராவது தடுமாறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொள்வேன். சிலர் மௌனமாகவே உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் பேசினார்கள். அம்மையார் பாராட்டினார். ஒவ்வொரு பாராட்டும் வேறொருவருக்கு வந்தது, தவறி என் கையில் விழுந்துவிட்டது என்றே தோன்றும். தொலைபேசியில் அவள் பெயரைத் தொட்டுப் பார்ப்பேன். எடுக்காதே என்று சொல்லியிருந்தாள். அந்த ஒன்றையாவது கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்தே அழைப்பு வந்தது. ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது, தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள், வந்து இரண்டு தவணை முடிந்துவிட்டது.

"இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டா சொல்லாம இருந்த?"

"ஓம்" என்றாள். "இப்ப சொல்லுறன் தானே. எங்கட பள்ளிக்கூடத்தில ஆங்கில தினம் வைக்கிறம். பேச்சுப் போட்டிக்கு நடுவரா வாறியா?" கொஞ்சம் நிறுத்தி, "நடுவர் வாய் திறக்கக் கூடாது, தெரியுந்தானே" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். வருகிறேன் என்றேன்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளைந்து போகும் பாதையில் பஸ்ஸில் போனேன். சிறிய பாடசாலை. முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பாடசாலையில் போதிய கதிரைகள் இல்லாததால் பெற்றோர்கள் காலையிலிருந்து பள்ளிவாசல் மண்டபத்திலிருந்து கதிரைகளைத் தலையில் சுமந்துகொண்டு மேடேறி வந்திருந்தார்கள். என்னை முன்வரிசையில், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நிகழ்ச்சியை நடத்தியது அவள்தான். சேலை கட்டியிருந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். மெதுவான ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் தரையில் ஊன்றிப் பார்த்து வைக்கிற மாதிரி. பிள்ளைகள் ஒன்றையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நன்றியுரையில் பெற்றோருக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். பெற்றோர்களின், என்று தொடங்கி நின்றாள். அடுத்த சொல் வரவில்லை. கொட்டகை அமைதியாயிற்று. அதிகாரி பேனாவை உருட்டினார்.

"கொன்ட்ரிபியூஷன்" என்றது என் வாய்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மேடையில் அவளும் பார்த்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்றிருந்தது.

அவள் சிரித்தாள். ஒலிவாங்கியில், ஆங்கிலத்தில், "நன்றி. ஆனால் நான் வேறொன்று சொல்ல இருந்தேன்" என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் கதிரைகளை உங்கள் தாயும் தகப்பனும் தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி." அதையே தமிழிலும் சொன்னாள். பின்னால் நின்ற பெற்றோர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். ஒரு தாய் முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்.

எல்லாம் முடிந்து ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தோம். வேறு யாரும் இல்லை. நான் தலையைத் தூக்கவில்லை.

"அந்தச் சொல்லுத்தான் எனக்கும் தேவைப்பட்டது" என்றாள் அவள். "நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. நீ சொன்னதால எடுக்க விருப்பமில்லை. வேற தேட வேண்டியதாப் போச்சு."

"மன்னிச்சுக்கடி. இதுக்கு மட்டும் இல்ல. செமினார்ல, அந்த இன்டர்வியூல, அதுக்கு அப்புறம் அந்த மேடம் என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டப்ப நான் உன்னப் பத்தி..." என்று தொடங்கி, இரண்டு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை எல்லாம் கொட்டினேன். அவளைப் பற்றி அம்மையாரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. அவள் முகம் ஒரு கணம் மாறியது. அப்போதுதான், இதிலும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. நிறுத்தினேன்.

"நீ சொல்லு" என்றேன். "நான் கேக்கிறேன்."

அவள் தேநீரைக் குடித்தாள். வெளியே பெற்றோர்கள் கதிரைகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் காத்திருந்தேன். அவள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, ஏதாவது சொன்னால் போதும் என்று இருந்தது. அப்படியும் காத்திருந்தேன்.

"அந்த வேலை எனக்கு வேணும் எண்டு இருந்தது" என்றாள் கடைசியில். "அப்பாவுக்கு அப்ப சிறுநீரகத்தில பிரச்சினை. கண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வரச் சொன்னவை. நான் இங்க வேலையில இருந்தா அவரை என்னோட வைச்சுப் பாக்கலாம் எண்டு நினைச்சனான். பிறகு அவர் வரேல்ல. ஊரிலேயே மருந்து எடுத்தவர். இப்ப சுகம். ஆனா அந்த ஒரு வருசம் வீட்டில சும்மா இருந்து அவரைப் பாத்தது... அது எனக்குக் கஷ்டமா இருந்தது. நீ கூச்ச சுபாவம் எண்டு சொன்னது இப்பதான் தெரியும்." மறுபடி நின்றாள். "அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்ப சொன்னதைச் சொல்லேல்ல. அண்டைக்குச் சொன்னதை."

"ஆமா" என்றேன்.

"நல்லா நினைச்சுத்தான் முதல்ல செய்தனீ. அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டும் உண்மைதான்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டியில் முதலாவதாக வந்த சிறுமியைப் பற்றிப் பேசினோம். அவள் அந்தச் சிறுமியை மாகாணப் போட்டிக்குத் தயார்படுத்துவதாகச் சொன்னாள். பாதி பிஸ்கட்டை எனக்குத் தந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதன் பிறகு அவள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மாவோடு சமையலறையில் நின்று கதைப்பாள். இந்த வருடத் தொடக்கத்தில் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்துப் போய்விட்டாள். மாதத்தில் ஒரு தடவை கதைக்கிறோம். அவள் கதைக்கும்போது நடுவில் மௌனம் வந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சும்மா இருக்கிறேன்.

அவள் நன்றாக இருக்கிறாள். அதை நினைத்து ஆறுதல் அடையப் பார்க்கிறேன். ஆனால் அவள் தன் அப்பாவின் கட்டிலருகே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருடம், நான் ஒவ்வொரு காலையும் சேலை கட்டிக்கொண்டு அம்பிட்டிய மேட்டிலிருந்து இறங்கி வேலைக்குப் போன அதே வருடம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. வகுப்பில் யாராவது ஒருவர் தடுமாறி நிற்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறேன். காத்திருக்கும் அந்த நேரத்தில் என் மனம் வவுனியாவில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போய்விடுகிறது. நான் ஒருபோதும் பார்த்திராத வீடு.

போன மாதம் சம்பளம் கூட்டித் தந்தார்கள். அம்மா சந்தோஷத்தில் கோயிலுக்குப் போனார். நான் அவளுக்குச் சொல்லவில்லை.